வீட்டில் எடுத்த பாட்டு வீடியோ சரியாக வரவில்லையா? குறையைக் கேட்டுக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, கையிலிருக்கும் போனில் ஒரு கீர்த்தனையைப் பதிவு செய்து ஏற்றுவது பாட்டு கற்கும் வீடுகளில் இப்போது சாதாரணம். நேரில் கேட்டால் நன்றாக இருக்கிறது. வீடியோவில் கேட்டால் குரல் எங்கோ தள்ளிப் போயிருக்கிறது, தம்புராவைக் காணோம், மிருதங்கம் மட்டும் காதைப் பிளக்கிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடும் என்று உடனே தோன்றும். ஆனால் கேமராவின் மேல் பெரும்பாலும் தப்பே இருக்காது. மைக் இருக்கும் தூரமும், போன் நம்மைக் கேட்காமல் தானாகச் செய்கிற வேலைகளும்தான் வீட்டுப் பதிவுகளைக் கெடுக்கின்றன.

இரண்டையும் காசில்லாமலே சரிசெய்யலாம். செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முதல் ஆயிரம் ரூபாய் மைக்குக்குப் போகட்டும். படம் சுமாராக இருந்தாலும் பாட்டு தெளிவாக இருந்தால் கடைசிவரை கேட்பார்கள். படம் பளிச்சென்று இருந்து ஒலி இரைந்தால் அனுபல்லவிக்குள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

கர்நாடக இசையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்: ஒரு குரல், ஒரு சுருதிப்பெட்டி, கூட ஒரு வயலினோ வீணையோ மிருதங்கமோ. கீழே இருக்கும் தலைப்புகள் எல்லாம் புகார்கள். உங்கள் புகார் எதுவோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேலை: பதிவை வயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள். போனின் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பியும் (தாழ்ந்து ஒலிக்கும் முகம்) கேட்காது, மின்சார இரைச்சலும் கேட்காது. கேட்காத குறையைத் திருத்த முடியாது.

“கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது”

அதிகம் கேட்கிற புகார் இதுதான். நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட். எல்லாமே ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். வாயிலிருந்து நேராக வரும் ஒலியோடு, சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியும் சேர்ந்தே மைக்குக்குப் போகிறது. நேரில் கேட்கும்போது நம் இரண்டு காதும் மூளையும் நேரொலியைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். மைக்குக்கு அது தெரியாது. “நேர்ல நல்லாத்தானே இருந்துச்சு” என்று நமக்குத் தோன்றுவது அதனால்தான்.

முதல் மருந்து தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரொலி 6 டெசிபெல் கூடும். சுவரிலிருந்து வரும் முழக்கமோ கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். முழு உருவமும் தெரிய வேண்டும் என்று போனை 6 அடி தள்ளி வைத்து, அதன் மைக்கிலேயே ஒலியையும் எடுப்பதுதான் பிரச்சினையின் வேர். 6 அடியிலிருந்து ஒன்றரை அடிக்கு மைக் வந்தால் 12 டெசிபெல் லாபம். எந்த விலையுயர்ந்த கருவியும் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தராது.

ஆகவே படத்துக்கு ஒரு கருவி, ஒலிக்கு இன்னொரு கருவி. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்று இருந்தால் அதுவே ஒலிப்பதிவுக் கருவி. ஒரு சின்ன ஸ்டூலில் மடித்த துண்டைப் போட்டு, அதன்மேல் அந்தப் போனை வைத்து, பாடுபவரின் மார்பு உயரத்தில், படத்துக்குள் வராதபடி ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். அடிப்பக்கத்து மைக் துளை பாடுபவரைப் பார்க்க வேண்டும். இரண்டு பதிவுகளையும் பிறகு எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதில் வரும் சிக்கல்களைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது மருந்து அறை. அறையின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டலுக்குப் பின்னால் ‘டிங்’ என்று ஒரு வால் நீண்டால் அந்த அறை பாட்டுக்கு ஆகாது. பெரும்பாலான வீடுகளில் கூடத்தைவிடப் படுக்கையறையே நல்லது. மெத்தை, தலையணை, துணி நிறைந்த திறந்த அலமாரி எல்லாம் ஒலியை விழுங்கும். கூடத்தில்தான் எடுப்பேன் என்றால் ஒரு மெத்தையைக் கொண்டுவந்து, பாடுபவரின் முகம் பார்க்கிற சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். குரல் முதலில் போய் மோதுவது அந்தச் சுவரில்தான். கேமராவுக்குப் பின்னால் இருப்பதால் படத்திலும் மெத்தை தெரியாது. தரையில் ஜமக்காளம் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். அறையின் சரி நடுவில் உட்காராமல் கொஞ்சம் ஓரமாக, மூலைவாட்டில் உட்காருங்கள்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காகித அட்டை மெல்லிசு. கீச்சென்ற ஒலிகளை மட்டும் கொஞ்சம் மழுப்பும், நடுவாந்திர முழக்கத்தை ஒன்றும் செய்யாது. போதாக்குறைக்குச் சட்டென்று தீப்பிடிக்கும்.

பதிவான முழக்கத்தை மென்பொருளில் முழுதாக எடுத்துவிட முடியாது. இந்தக் குறை இருந்தால் மீண்டும் பதிவு செய்வதே வழி.

“தம்புரா மறைந்துவிட்டது, பாட்டை நிறுத்தினால் இரைச்சல் எழும்புகிறது”

இது நம் இசைக்கென்றே வந்து வாய்த்த சிக்கல். போன்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சில் சொற்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஃபேன் இரைச்சல் மாறாமல் நிற்கும். எனவே மாறாமல் நிற்கும் ஒலி எதுவானாலும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழிப்பதற்குப் போனுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தம்புராவின் வேலையே மாறாமல் நிற்பதுதான். போன் அதையும் குப்பை என்று துடைத்துவிடுகிறது. நீண்ட கார்வையில் குரல் அசையாமல் நின்றால் அதையும் சுரண்ட ஆரம்பிக்கும். ஷட்ஜத்தில் நின்று இழைகிற இடம் தேய்ந்து, உள்ளே ஏதோ குமிழியிடுவது போலக் கேட்கும்.

கூடவே இன்னொரு தானியங்கி வேலை, ஒலி அளவைச் சரிக்கட்டுவது. அது இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஆலாபனையில் தார ஷட்ஜத்தைத் தொட்டு நிறுத்துகிற இடத்தைக் கேளுங்கள். குரல் நின்ற அடுத்த நொடிக்குள் தெருச் சத்தமும் காக்கையும் மெல்ல மேலே ஏறி வருகின்றனவா? அடுத்த பிடியை எடுத்ததும் அவை சட்டென்று அமுங்குகின்றனவா? அப்படியானால் போன் உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறது. மெல்ல எடுத்து வளர்த்துப் போகிற ராகம் முழுவதும் ஒரே உயரத்தில் தட்டையாகக் கேட்பதும் இதனால்தான்.

ஆண்ட்ராய்டு 7 முதல், எந்தத் திருத்தமும் செய்யாத ஒலியைச் செயலிகள் கேட்டு வாங்கிக்கொள்ள வழி உண்டு. போன் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். போனோடு வரும் கேமரா செயலியில் பெரும்பாலும் இந்தத் தேர்வு தெரியாது. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் கேமரா செயலியில் வீடியோ செட்டிங்ஸில் ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ‘அன்பிராசஸ்ட்’ என்று இருக்கும். அதைப் போட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து, பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் செயலியின் ஒலித் தரத்தை ‘லாஸ்லெஸ்’ என்று மாற்றுங்கள். ஜூமில் வகுப்போ கச்சேரியோ நடத்துகிறவர்களுக்கு, இசைக்கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற தேர்வு அங்கேயே இருக்கிறது.

எது செய்தும் தம்புரா நிற்கவில்லை என்றால் அதைத் தனியாகச் சேர்ப்பதே சுத்தமான வழி. பாடும்போது தம்புரா செயலியை ஒரு காதில் மட்டும் இயர்போனில் கேட்டுக்கொள்ளுங்கள். குரல் மட்டும் பதிவாகும். பிறகு அதே செயலி, அதே கட்டை (சுருதியின் உயரம்), அதே நுண்சுருதி (ஃபைன் டியூன்) அளவில் ஓடவிட்டுப் பதிவு செய்து, அதை எடிட்டிங்கில் அடியில் இழையுங்கள். நுண்சுருதி அளவைக் குறித்து வைத்துக்கொள்வது முக்கியம். ஒரு நூலிழை விலகினாலும் குரல்தான் சுருதி விட்டதுபோலத் தெரியும்.

“மேல்ஸ்தாயியில் கரகரக்கிறது”

உள்ளே வரும் ஒலி கருவி தாங்கும் எல்லையைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டது திரும்பி வராது. பாடப்போகும் பாட்டிலேயே உரத்த இடத்தை முதலில் பாடி, அளவுமானி மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெல்லுக்குள் நிற்கும்படி கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) குறைத்து வையுங்கள். ஒத்திகையில் பாடுவதைவிடப் பதிவில் எல்லோரும் கொஞ்சம் ஓங்கியே பாடுவார்கள், அதற்கும் இடம் விட வேண்டும். பதிவு மெல்லியதாகத் தெரிந்தால் கவலையில்லை, பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

மானி சிவப்பைத் தொடவே இல்லை, ஆனாலும் கரகரப்பு இருக்கிறது என்றால், கெயினுக்கு முன்னாலேயே, மைக்கிலேயே, ஒலி நிரம்பி வழிகிறது. மிருதங்கத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போனை வைத்தால் இப்படி ஆகும். அங்கே கெயினைக் குறைத்துப் பயனில்லை, மைக்கைத் தள்ளி வைக்க வேண்டும்.

“ஏதோ ஓர் இரைச்சல் விடாமல் வருகிறது”

எந்த இரைச்சல் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாடாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஒலியை நன்றாகக் கூட்டிக் கேளுங்கள்.

‘உஸ்’ என்று காற்றுப்போல இருந்தால் ஃபேன் அல்லது ஏசி. பதிவு நேரத்தில் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. வெயில் காலத்தில் விடியற்காலையில் எடுத்தால் புழுக்கமும் குறைவு, தெருவும் அமைதி. ஃபிரிட்ஜை அணைத்தால் அதற்குள் வீட்டுச் சாவியைப் போட்டு வையுங்கள். வெளியே கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போட நினைவு வரும்.

‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த ரீங்காரமாக இருந்தால் அது மின்சாரத்திலிருந்து வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ரீங்காரம் 50இலும் 100இலும் நிற்கும். லேப்டாப்பில் பதிவு செய்கிறீர்கள் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே அடங்கும். கருவியின் உலோகப் பகுதியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அப்படியென்றால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்ட்டைச் சரிபாருங்கள். பாட்டுக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்.

‘ஜ்ர்ர்’ என்று கூர்மையாக இருந்தால் ஃபேன் ரெகுலேட்டர், விளக்கின் டிம்மர், விலை குறைந்த இன்வெர்ட்டர் இவற்றைச் சந்தேகியுங்கள். மின்வெட்டு நேரத்தில் மட்டும் வருகிறதென்றால் இன்வெர்ட்டரேதான்.

எடிட்டிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் லாரி உறுமல், அதிர்வு போன்றவை போய்விடும், குரலுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலின் மந்திர பஞ்சமம்கூட 98 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. ஆனால் மிருதங்கம் கூட இருந்தால் இந்த வெட்டைக் குரலின் தடத்தில் மட்டும் போடுங்கள், தொப்பியின் கனம் போய்விடக் கூடாது. தானாக இரைச்சல் நீக்கும் வசதிகளைக் கொஞ்சமாகப் பயன்படுத்துவது நல்லது. கூடினால் தம்புராவுக்கு நேர்ந்த கதிதான் குரலுக்கும்.

“டொக் டொக்கென்று இடிக்கிறது, சரசரக்கிறது”

தொடையில் தாளம் போடும் தட்டு தரைவழியாக மைக் ஸ்டாண்டில் ஏறுகிறது. ஸ்டாண்டின் கால்கள் பாடுபவர் உட்கார்ந்திருக்கும் அதே ஜமக்காளத்தில் இருக்கக் கூடாது. தனியாக, மடித்த துண்டின்மேல் நிறுத்துங்கள். கிளிப் மைக் என்றால் பட்டுப்புடவையின் சரசரப்பு, சங்கிலி உரசல், கண்ணாடி வளையல் எல்லாம் பாட்டைவிடத் தெளிவாக விழும். மடிப்பு அசையாத இடத்தில், நகைக்கு எட்டாமல் குத்துங்கள். வயரை ஒரு சுற்று சுற்றித் துணியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினால் இழுபடாது. தாளம் போடும் கையில் மட்டும் வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

“மிருதங்கம் அமுக்குகிறது, வீணை கேட்கவே இல்லை”

ஒரே மைக் இருந்தால் பொத்தானைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. ஆட்களை நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். குரல் ஒன்றரை அடி, வயலின் மூன்றடி, மிருதங்கம் ஐந்தடி என்று ஆரம்பித்து, ஒரு நிமிடம் பதிவு, கேட்டல், நகர்த்தல் என்று போங்கள். சலிக்காமல் இதைச் செய்தால் ஒரே மைக்கில் எடுத்ததா என்று கேட்கும் அளவுக்கு வரும்.

மேடையில் மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம் உட்காருவது வலந்தலை (கூர்ந்து ஒலிக்கும் முகம்) சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. வீட்டிலும் அந்தக் கணக்கு பொருந்தும். பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் போல இடக்கைக்காரர் என்றால் பக்கம் மாற வேண்டும். வலந்தலையில் விழும் சாப்பு மங்கி, தொப்பி மட்டும் குமுறுகிறதென்றால் மைக் தவறான முகத்தைப் பார்க்கிறது.

வீணைக்கு மைக்கைக் குடத்துக்கும் கடைசி மெட்டுகளுக்கும் நடுவே பார்த்தபடி ஓரடியிலிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். இடக்கை இழுக்கும் இடத்துக்கு அருகில் போனால் கமகத்தைவிட விரல் கம்பியில் உரசும் சத்தம்தான் மிஞ்சும். வீணையும் மிருதங்கமும் சேர்ந்து ஒரே மைக்கில் வேண்டாம் என்பேன். வீணைக்கென்று இன்னொரு போனாவது வேண்டும்.

“மைக்கைச் செருகியும் ஒலி மாறவில்லை”

பதிவு ஓடும்போது மைக்கின் தலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். சுரண்டல் பதிவில் பக்கத்தில் கேட்க வேண்டும். எங்கோ தள்ளிக் கேட்டால் போன் இன்னும் தன் மைக்கையே கேட்டுக்கொண்டிருக்கிறது. போனுக்கான பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், கேமராவுக்கான பின்னில் இரண்டுதான். இரண்டு வளைய மைக்கைப் போன் அடையாளம் கண்டுகொள்ளாது, நடுவில் ஒரு மாற்றி வேண்டும். சில கிளிப் மைக்குகளின் வயரில் ஒரு சிறு டப்பாவும், போனா கேமராவா என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சும் இருக்கும். அதையும் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியையும் பாருங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கண்டென்சர் மைக் (மின்சாரம் கேட்கும் வகை) மாட்டி ஒலியே வரவில்லை என்றால் 48 வோல்ட் பொத்தானை அழுத்த மறந்திருப்பீர்கள்.

புளூடூத் இயர்போனின் மைக்கில் எடுத்தால் டெலிபோனில் பாடுவது போலவே இருக்கும். பெரும்பாலும் அது அழைப்புக்கான முறைக்கு மாறி, ஒலியை நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளுக்கு (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து எழுதுகிறது என்ற கணக்கு) குறைத்துவிடுகிறது. பாட்டுக்கு 48,000 வேண்டும். வேறு மைக் தேடுங்கள்.

ஒரு காதில் மட்டும் ஒலி கேட்டால் பயப்பட வேண்டாம். ஒற்றை மைக் இடது தடத்தில் மட்டும் பதிவாகியிருக்கிறது. எடிட்டிங்கில் மோனோவாக மாற்றினால் முடிந்தது. ஒலி மூடினாற்போல இருந்தால் ஸ்டாண்டின் பிடி போனின் மைக் துளையை அடைத்திருக்கிறதா, கவருக்குள் தூசி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

“வாய் அசைவும் பாட்டும் பொருந்தவில்லை”

படத்தையும் ஒலியையும் தனித்தனியாக எடுத்தால் இது வரத்தான் செய்யும். பாட்டு தொடங்குமுன் கேமராவுக்குத் தெரியும்படி ஒரு கைதட்டல், முடிந்ததும் ஒரு கைதட்டல். முதல் தட்டலைக் கொண்டு இரண்டு பதிவுகளையும் பொருத்துங்கள். கடைசித் தட்டலும் பொருந்தினால் வேலை முடிந்தது.

ஆரம்பம் பொருந்தி முடிவு விலகினால் அது வேறு நோய். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இலட்சத்தில் ஐந்து பங்கு பிசகினாலே 10 நிமிடத்தில் 30 மில்லிநொடி தள்ளிப் போகும். குரலில் அது தெரியாது, மிருதங்கத்தின் விரலசைவில் கூர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அனுபல்லவி முடிந்து சரணம் எடுப்பதற்கு முன் வரும் இடைவெளியில் ஒலியை வெட்டி, ஒரு இழை நகர்த்திவிட்டால் போதும்.

விலகல் நொடிக்கணக்கில் இருந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, போன் வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு எத்தனை படங்கள் என்பதைத் தானாகக் கூட்டிக் குறைத்திருக்கிறது. சில எடிட்டிங் மென்பொருள்கள் இதில் தடுமாறும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத பட வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடிட் செய்யுங்கள். இன்னொன்று, ஒலி 44,100 மாதிரிகளில் பதிவாகி 48,000 என்று வாசிக்கப்படுகிறது. இதைச் சுருதியே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கும், காலப்பிரமாணமும் ஓடும். எல்லாக் கருவியிலும் முதலிலேயே 48,000 என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பொருத்தாதீர்கள். அதுவே நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் இரண்டு பங்கு வரை தாமதமாகத்தான் ஒலிக்கும். தம்புராவைப் புளூடூத் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு பாடலாம், அதில் தாமதம் தெரியாது. தாளம் போடும் செயலியை அப்படிக் கேட்டால் ஆவர்த்தனமே தள்ளிப் போகும்.

“கமகம் உடைந்து ஒலிக்கிறது”

பாட்டுச் செயலிகள் சிலவற்றில் சுருதி திருத்தும் வசதி முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். அது 12 சுரத்தானங்களைத் தவிர வேறெதையும் அறியாது. தோடியின் காந்தாரம் அசைந்து அசைந்து நிற்கிற சுரம். அந்த வசதி அதைப் பிடித்துக் கட்டிப்போட்டுப் படிக்கட்டாக்கிவிடும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கும் ஜாருக்கும் இதே கதி. நம் இசைக்கு இதை முழுதாக அணைத்துவிட வேண்டும், கொஞ்சமாக வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அளவுக்கு மீறிய ரிவெர்ப்பும் (செயற்கையாகச் சேர்க்கும் முழக்கம்) இப்படித்தான். பிருகாக்கள் (வேகமாக உருளும் சுரங்கள்) ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்கிவிடும். காதுக்கு மட்டும் தெரிந்து, கவனத்துக்கு வராத அளவு போதும்.

படத்தில் வரும் குறைகள்

இவை ஒலியைவிட எளிது. முகம் இருட்டாக இருந்தால் ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், வெயில் நேராக விழாமல். வெள்ளை வேட்டியும் சரிகையும் கேமராவை ஏமாற்றி முகத்தை இருட்டாக்கும். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். தாளம் போடும் கை முன்னே வரும்போதெல்லாம் படம் மங்கித் தெளிவதும் இந்தப் பூட்டைப் போட்டால் நிற்கும்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் விளக்கு காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் கோடு மறையும். ஐபோனில் ‘பால்’ (PAL) வடிவங்களைக் காட்டச் சொன்னால் நொடிக்கு 25 படம் என்ற தேர்வு கிடைக்கும், அதுவும் உதவும். முகத்தின் ஒரு பாதி மஞ்சள், ஒரு பாதி நீலம் என்றால் ஜன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பையும் கலந்திருக்கிறீர்கள். ஒன்றை அணையுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை. வளைய விளக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன், மூக்குக் கண்ணாடியிலும் வீணைக் குடத்தின் பளபளப்பிலும் வட்டமாக வந்து உட்காரும். இரண்டு வெள்ளை எல்இடி பல்புகளைப் பக்கவாட்டுச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தால் மென்மையான ஒளி கிடைக்கும்.

மூக்கும் குடமும் பெருத்துத் தெரிந்தால் போன் ரொம்பக் கிட்டே இருக்கிறது. ஆறேழு அடி பின்னால் போய் 2எக்ஸ் லென்ஸில் எடுங்கள். ஒலியைத் தனியாக எடுப்பதால் கேமரா எவ்வளவு தள்ளிப் போனாலும் நஷ்டமில்லை. தரையில் உட்கார்ந்து பாடுபவரை நின்ற உயரத்திலிருந்து எடுக்காமல், அவர் மார்பு உயரத்துக்குக் கேமராவை இறக்குங்கள். வலக்கைக்காரர் இடக்கையில் வீணை வாசிப்பதுபோலத் தெரிந்தால் முன்கேமராவின் கண்ணாடிப் பிம்பம் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸில் அணைக்கலாம், பின்கேமராவில் எடுத்தால் இன்னும் நல்லது.

பாதியில் பதிவு நின்றுபோனால் முதலில் இடத்தைப் பாருங்கள். 1080 தரத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி வரை போகும். மெமரி கார்டில் சரியாக 4 ஜிபியில் நின்றால் அது ஃபேட்32 என்ற கோப்பு முறையின் எல்லை. போன் சூடாகி நின்றால் கவரைக் கழற்றுங்கள், சார்ஜில் போட்டபடி எடுக்காதீர்கள். ஏரோபிளேன் மோடு கட்டாயம். சரணத்தின் நடுவில் வரும் ஒரு அழைப்பு மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

“ஏற்றிய பிறகு தரம் போய்விட்டது”

யூடியூபில் ஏற்றிய உடனே தெரிவது குறைந்த தரப் படம்தான். உயர்தரம் தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும், பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு நண்பர்களுக்கு அனுப்புங்கள். 1080 தரத்துக்கு 8 எம்பிபிஎஸ், ஒலிக்கு ஏஏசி 384 கேபிபிஎஸ், 48,000 மாதிரிகள் என்பது யூடியூபே சொல்லும் அளவு. மற்றவர்கள் வீடியோவைவிட உங்களுடையது மெல்லியதாகக் கேட்டால், எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் சராசரி ஒலியை மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, கேட்கும் ஒலியளவின் அலகு) அளவுக்கு உயர்த்துங்கள். அதற்கு மேல் போனால் யூடியூப் குறைத்துவிடும், கீழே இருந்தால் உயர்த்தாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கசங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

சில நேரம் உரிமைக் கோரிக்கை என்று ஒரு அறிவிப்பு வரும். தியாகராஜர் 1847இலும், தீட்சிதர் 1835இலும், சியாமா சாஸ்திரிகள் 1827இலும் மறைந்தவர்கள். அவர்கள் கிருதிகளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஏதோ ஒரு நிறுவனத்தின் ஒலிப்பதிவோடு உங்கள் பதிவை இயந்திரம் குழப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மறுப்புத் தெரிவிக்கும் இடத்தில், இது நானே பாடிய பதிவு, கிருதி பொதுவுடைமை என்று எழுதுங்கள். வெட்டாத மூலப் பதிவை, இரண்டு கைதட்டலோடும் சேர்த்து, அழிக்காமல் வைத்திருந்தால் கேட்கும்போது காட்டலாம். சினிமாப் பாட்டுக்கும் அண்மைக் காலப் பாடல்களுக்கும் இது பொருந்தாது. இந்தியச் சட்டப்படி இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவற்றின் உரிமை இருக்கிறது. அப்படிப்பட்ட பாட்டை ஏற்றுவதானால் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.